ரெட் ஹேட் சர்வர்களை இமேஜிலிருந்து எழுப்புவது: கேள்வி பதில்

ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், அதே குடும்பத்து ராக்கி, அல்மா ஆகியவற்றில் ஒவ்வொரு சர்வரையும் தனித்தனியாக இன்ஸ்டால் செய்யாமல், ஒரே இமேஜை (எல்லாம் இன்ஸ்டால் செய்து முடித்த வட்டின் நகல்) கட்டி அதிலிருந்து எழுப்புவது பற்றி வந்த கேள்விகள் இவை. பல வருடமாக என் வேலையே இதுதான்.

கேள்வி: சார், எங்களிடம் கிக்ஸ்டார்ட் கோப்பு (இன்ஸ்டாலரின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய கோப்பு) இருக்கிறது. நெட்வொர்க் பூட் போட்டால் தானாகவே இன்ஸ்டால் ஆகிறது. அப்புறம் இமேஜ் எதற்கு?

கிக்ஸ்டார்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், இமேஜ் கட்டவும் அது உதவும். ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் அது பாக்கேஜ்களை ரெப்போவிலிருந்து (பாக்கேஜ் கிடங்கு) புதிதாக இறக்குகிறது. திங்கட்கிழமை போட்ட சர்வரில் ஓபன்எஸ்எஸ்எல் ஒரு வெர்ஷன், வியாழக்கிழமை போட்டதில் இன்னொன்று. ஆறு மாதம் கழித்து ஒன்றில் மட்டும் பிரச்சினை வந்தால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? இமேஜ் என்றால் இன்ஸ்டால் ஒரே முறைதான். நீங்கள் சோதித்த அதே வட்டுதான் ப்ரொடக்‌ஷனுக்கும் போகிறது.

கேள்வி: இமேஜ் கட்டும் கருவிகளில் பேக்கரா, ரெட் ஹேட்டின் இமேஜ் பில்டரா? எதில் தொடங்கலாம்?

இரண்டும் வேலை செய்கிற விதமே வேறு. இமேஜ் பில்டரில் ப்ளூபிரிண்ட் என்ற சின்ன டாம்ல் (TOML) கோப்பில் பாக்கேஜ், பயனர், சர்வீஸ், ஃபயர்வால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறீர்கள். அது எந்த மெஷினையும் இன்ஸ்டாலர் போட்டு பூட் செய்வதில்லை. ஆர்பிஎம்களை (ரெட் ஹேட்டின் பாக்கேஜ் கோப்புகள்) நேரே அடுக்கி இமேஜ் ஆக்கிவிடும். அதே ப்ளூபிரிண்டிலிருந்து கேவிஎம், விஎம்வேர் என்ற மெய்நிகர் மெஷின் தளங்களுக்கும் அமேசான் க்ளவுடுக்கும் தனித்தனி இமேஜ் எடுக்கலாம்.

பேக்கர் உண்மையிலேயே ஒரு விஎம்மை (மெய்நிகர் மெஷின்) எழுப்பும். பூட் திரையில் ஆள் தட்டுவதுபோல எழுத்துகளைத் தட்டும், கிக்ஸ்டார்ட்டைத் தானே ஹெச்டிடிபி வழியாகக் கொடுக்கும், இன்ஸ்டால் முடிந்ததும் எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து நுழையும் வழி) உள்ளே போய் உங்கள் ஸ்கிரிப்டையோ ஆன்சிபிள் என்ற அமைப்புக் கருவியையோ ஓட்டும். ஆர்பிஎம்மாக வராத, தனி இன்ஸ்டாலரோடு வரும் மென்பொருள் உங்களிடம் இருந்தால் இதுதான் வழி. எல்லாமே ஆர்பிஎம் என்றால் இமேஜ் பில்டர் போதும், பராமரிப்பும் குறைவு. பேக்கரின் லைசென்ஸ் 2023 ஆகஸ்டில் மாறியதையும் உங்கள் சட்டப் பிரிவிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கேள்வி: அண்ணா, ரெட் ஹேட் 8-க்கு ஓடிய பேக்கர் கோப்பையே 9-க்கு மாற்றினேன். எஸ்எஸ்ஹெச்சுக்காகக் காத்திருக்கிறேன் என்றே நிற்கிறது. அரை மணி நேரம் கழித்து டைம்அவுட்.

தம்பி, முதலில் ஹெட்லெஸ்ஸை (திரை காட்டாமல் ஓட்டும் அமைப்பு) நிறுத்திவிட்டு அந்த விஎம்மின் திரையைப் பாருங்கள். லாக்கை எத்தனை தடவை படித்தாலும் இது தெரியாது.

திரையில் மொழியைத் தேர்ந்தெடு என்று இன்ஸ்டாலர் நின்றால், கிக்ஸ்டார்ட் போய்ச் சேரவில்லை. 9-இல் கிக்ஸ்டார்ட் இருக்கும் இடத்தைச் சொல்ல பூட் வரியில் வெறும் கேஎஸ் (ks) என்று போட்டால் எடுக்காது. அதற்கு முன்னால் இன்ஸ்ட் என்ற முன்னொட்டும் ஒரு புள்ளியும் (inst.ks) இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் ஃபயர்வாலைப் பாருங்கள். பேக்கர் 8000 முதல் 9000 வரையிலான போர்ட்டுகளில் ஏதோ ஒன்றில் கோப்பைக் கொடுக்கிறது.

லாகின் திரை வந்து நின்றால் இன்ஸ்டால் முடிந்துவிட்டது, உள்ளேதான் விடவில்லை. 9-இல் ரூட் பாஸ்வேர்டால் எஸ்எஸ்ஹெச் நுழைவது இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. அதைத் திறக்க கிக்ஸ்டார்ட்டில் வழி இருக்கிறது. நான் திறக்க மாட்டேன். கட்டுவதற்கென்று ஒரு பயனரை சாவியோடு உருவாக்கி, கடைசியில் அழித்துவிடுவேன்.

கேள்வி: ஒரே இமேஜிலிருந்து எழுப்பிய இரண்டு சர்வர்கள் ஒரே ஐபியை வாங்குகின்றன. மேக் முகவரி வேறு வேறுதான். எப்படி?

காரணம் மெஷின்-ஐடி, ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக இருக்க வேண்டிய எண். ஈடிசி அடைவில் அந்தப் பெயரில் இருக்கும் கோப்பை இரண்டிலும் திறந்து பாருங்கள், ஒரே எண்ணாக இருக்கும். ஐபி வழங்கும் டிஹெச்சிபியிடம் காட்டும் அடையாளத்தை அதிலிருந்து எடுக்கும் அமைப்புகளில் இரண்டு சர்வரும் ஒரே ஆளாகத்தான் தெரியும். இமேஜை மூடுவதற்கு முன் கோப்பை அழிக்காமல், காலியாக மட்டும் விடுங்கள். அடுத்த பூட்டில், சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி புதிய எண்ணை எழுதிக்கொள்ளும்.

இதோடு முடியாது. சர்வர் தன்னை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளை அழித்தாக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதை மறந்து 40 சர்வர்களை எழுப்பிவிட்டோம். எல்லாவற்றிலும் ஒரே சாவி. ஒன்றில் திருட்டுப் போனால் மற்ற 39-இன் வேடத்தையும் போடலாம். தணிக்கைக்கு வந்தவர் இரண்டு சர்வர்களின் சாவிக் கைரேகைகளை (சாவியின் சுருக்க அடையாளம்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சாவியை மாற்ற ஒரு இரவு. அந்தப் பழைய கைரேகையை நம்பியிருந்த ஸ்கிரிப்டுகளைத் தேடித் திருத்த இரண்டு வாரம். சாவி இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் சர்வீஸ் தொடங்கும்போது தானே புதிது உருவாகும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

ரெட் ஹேட் சந்தாவையும் முதலில் பதிவு நீக்கி, அப்புறம் சுத்தம் செய்யுங்கள். முறை மாறினால் இப்போது இல்லாத மெஷின் ஒன்று உங்கள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அணைத்த இமேஜ் மேல் விர்ட்-சிஸ்ப்ரெப் என்ற சுத்தம் செய்யும் கருவியை ஓட்டினால் இதில் பெரும்பாலானது ஒரே கட்டளையில் முடியும்.

கேள்வி: ஹோஸ்ட்பெயர், பாஸ்வேர்ட் எல்லாம்?

எதுவும் இமேஜுக்குள் வேண்டாம். பூட்டில் மெஷினை அமைக்கும் க்ளவுட்-இனிட் கொடுக்கட்டும்.

கேள்வி: புதிய பேட்ச் வந்தால் பழைய இமேஜை எழுப்பி அப்டேட் போட்டு மறுபடி சேமிக்கலாமா? அது சுலபமாக இருக்கிறதே.

வேண்டாம், தயவு செய்து. மூன்றாவது தடவைக்குப் பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ப்ளூபிரிண்டோ கிக்ஸ்டார்ட்டோ கிட்டில் (Git, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) இருக்கட்டும். மாதம் ஒரு முறையும், அவசரப் பாதுகாப்புப் பேட்ச் வரும் அன்றும் அதிலிருந்து முழுதாகக் கட்டுங்கள். கட்டியதும் ஒரு விஎம் எழுப்பி மூன்றைப் பாருங்கள்: எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு என்ஃபோர்சிங்கில் (மீறலைத் தடுக்கும் நிலை) இருக்கிறதா, விழுந்து கிடக்கும் சர்வீஸ் ஏதாவது உண்டா, மறுபடி பூட் செய்தாலும் அப்படியே எழுகிறதா. அந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.