நாலாவதாகக் கேட்டீர்களே, அதுதான் முதல் கேள்வி

தம்பி, பிப்ரவரியில் குடும்பத்தோடு மியூனிக் வருகிறோம், பெண்ணுக்கு நாலு வயது, பையனுக்கு ஒன்றரை, எந்த ஏரியா நம்மவர்களுக்கு வசதி, இந்தியக் கடை பக்கத்தில் இருக்குமா, சம்பளம் போதுமா, டே கேர் கிடைக்குமா, ஜாக்கெட்டை ஊரிலேயே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து கேள்வி. அதில் டே கேர் நாலாவது! இந்தியக் கடைக்கும் பின்னால். கோபித்துக்கொள்ளாதீர்கள், 2014 நவம்பரில் நாங்கள் வந்தபோது என் வீட்டுக்காரரும் இதே வரிசையில்தான் யோசித்தார். அதன் பலனைப் பதினாலு மாதம் அனுபவித்தது நான்.

ஜாக்கெட் இங்கே வந்து வாங்குங்கள், ஊரில் விற்பது இந்தக் குளிருக்குக் காணாது. இந்தியக் கடை எங்கே இருந்தால் என்ன, பருப்பும் அரிசியும் ஆன்லைனில் சொன்னால் வீட்டு வாசலுக்கு வருகிறது, கறிவேப்பிலை மாதம் ஒரு நடை போய் வாங்கி ஃப்ரீஸரில் போட்டுக்கொள்ளலாம். சம்பளம் போதுமா என்பது வாடகை எவ்வளவு என்று தெரிந்த பிறகு பேச வேண்டிய பேச்சு. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் கால்ட்மீட்டே, அதாவது ஹீட்டர், தண்ணீர், பராமரிப்புச் செலவு எதுவும் சேராத வாடகை. அதை மாதச் செலவு என்று நினைத்துக் கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். மூன்று மாதக் கால்ட்மீட்டே வரைக்கும் டெபாசிட் கேட்பார்கள், அதை மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. புரோக்கர் கமிஷன் வீட்டு ஓனர் கூப்பிட்ட புரோக்கராக இருந்தால் ஓனர்தான் கொடுக்க வேண்டும், அந்தச் சட்டம் 2015 ஜூனில் வந்தது. நாங்கள் வந்து ஏழாவது மாதம்! எங்களிடம் 2.38 மாத வாடகை வாங்கிவிட்டுத்தான் விட்டார் அந்தப் புரோக்கர். இன்றைக்கும் அந்த 2.38 என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் இருந்த நம்மவர்கள் சொன்ன யோசனை, "ஊருக்குள் வாடகை ஜாஸ்தி, எஸ்-பான் புறநகர் ரயில் பிடித்து வெளியே போ, அமைதியான இடம், குழந்தைக்கு நல்லது". போனோம். ஊர் பெயர் வேண்டாம். பின்னால் மக்காச்சோள வயல், முன்னால் சர்ச், நடுவில் நாங்கள். வீட்டுக்குள் போனால் சமையலறையில் சமையலறையே இல்லை. சுவரில் இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான், முன்னால் இருந்தவர்கள் ஸிங்க் முதற்கொண்டு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இங்கே அது சாதாரணம். மூன்று வாரம் பாத்ரூமில் பாத்திரம் கழுவினேன். அதுகூடப் பரவாயில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த ஊர் மியூனிக் இல்லை. தபால்காரருக்கும் ரயிலுக்கும் அது மியூனிக் பக்கம், ஆனால் அது தனி கெமைண்டே, நம் ஊர்க் கணக்கில் தனிப் பஞ்சாயத்து. குழந்தைக்கான இடம் கொடுப்பது அந்தந்த ஊர் நிர்வாகம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான கிரிப்பே அந்த ஊரில் மொத்தமே இரண்டு, இரண்டும் நிரம்பி வழிந்தன. ரயிலில் நாலு ஸ்டேஷன் தள்ளி மியூனிக் எல்லைக்குள் இருக்கும் கிரிப்பேக்களில் கேட்டால், "நீங்கள் மியூனிக்வாசி இல்லையே" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், வீடு பார்க்கும்போது மேப்பில் ரயில் நிமிடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லைக் கோட்டைப் பாருங்கள். இந்த வீடு எந்த கெமைண்டேயில் வருகிறது, அங்கே எத்தனை கிரிப்பே, எத்தனை கிண்டர்கார்டன், பதிவு எப்போது, அந்த ஊருக்குக் குடிவந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியுமா? இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மியூனிக் நகரத்துக்குள் என்றால் கீட்டா ஃபைண்டர் பிளஸ் என்று நகராட்சியின் இணையதளம் இருக்கிறது, அதில் பதிந்துகொள்ளலாம். ஆனால் எல்லாத் தனியார் இடங்களும் அதில் இல்லை, அவர்களைத் தனித்தனியாகத்தான் பிடிக்க வேண்டும், அதில் சிலதில் மாதக் கட்டணம் ஆயிரம் யூரோவைத் தாண்டும். உங்களுக்கு இரண்டு பிள்ளைகள், பெண்ணுக்குக் கிண்டர்கார்டன், பையனுக்குக் கிரிப்பே, இரண்டும் இரண்டு திசையில் அமைந்தால் காலையில் உங்கள் மனைவி பஸ்ஸிலேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான். ஹவுஸ் ஃபுயர் கிண்டர் என்று இரண்டு வயதையும் ஒரே கட்டடத்தில் எடுத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன, அவற்றை முதலில் தேடுங்கள். அப்புறம், ஆபீஸ் பக்கத்தில் வேண்டாம், வீட்டுப் பக்கத்தில் பாருங்கள். எஸ்-பான் லைன்கள் கிட்டத்தட்ட எல்லாமே நகரத்தின் நடுவில் ஒரே சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருகின்றன, அதில் ஒரு வண்டி நின்றால் மொத்த ஊரும் நிற்கும், பிள்ளையைக் கூப்பிடும் நேரம் உங்களுக்காக நிற்காது.

இன்னொரு கஷ்டம், நீங்கள் வருகிற மாதம். இங்கே வருடம் செப்டம்பரில் தொடங்குகிறது, இடங்களை வசந்த காலத்திலேயே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். பிப்ரவரியில் வந்து இறங்கினால் நடுவில் யாராவது ஊர் மாறிக் காலியாகும் இடம்தான் கதி. ஒரு வயது முடிந்த எந்தக் குழந்தைக்கும் இடம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு, 2013 ஆகஸ்ட் 1 முதல். நான் வந்தபோது அந்தச் சட்டத்துக்கு ஒன்றேகால் வயது, என் பெண்ணுக்கு இரண்டேகால், இரண்டில் எதுவும் எனக்கு உதவவில்லை, ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. யூகெண்ட்அம்ட் என்ற குழந்தைகள் நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும், வாய்ப்பேச்சு எடுபடாது. லைப்ஸிக்கில் மூன்று அம்மாக்கள் இடம் கிடைக்காமல் போன சம்பளத்துக்காக வழக்குப் போட்டு, தப்பு நிர்வாகத்தின் மேல் என்றால் நஷ்டஈடு கேட்கலாம் என்று 2016இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. கடிதத்தில் அந்த உரிமையைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதில் கொஞ்சம் சுறுசுறுப்பாக வரும்.

கிரிப்பே கிடைக்காவிட்டால் டாகஸ்முட்டர். தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மா, லைசென்ஸ் உண்டு, ஒரே நேரத்தில் ஐந்து பிள்ளைக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. நம்மவர்கள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள், யாரோ ஒரு பொம்பளை வீட்டில் எப்படி விடுவது என்று. அதே ஆட்கள் மாமியாரையும் அம்மாவையும் மாற்றி மாற்றி விசிட் விசாவில் கூட்டி வந்து ஓட்டுவார்கள். 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம், அந்த அம்மாவுக்கு முட்டி வலி, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, பக்கத்து வீட்டில் பேச ஒரு பாஷை இல்லை, குழந்தையும் வீட்டை விட்டு வெளியே வராமல் மூன்று வயது வரை ஒரு வார்த்தை ஜெர்மன் கேட்காமல் வளரும். எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அம்மாவும் ஒருமுறை வந்தார், அவர் வந்தது பேத்தியைக் கொஞ்ச, வேலைக்கு இல்லை.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் உற்சாகத்தில் இதையும் விட்டுவிடாதீர்கள். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்குப் போகலாம் என்று ஏஜென்ட் ஒருவர் கண்டிப்பாக உங்களைப் பிடிப்பார், மாதம் இவ்வளவு மிச்சம் என்று கணக்கும் காட்டுவார். பிள்ளைகள் அதில் இலவசமாகச் சேர மாட்டார்கள், தலைக்குத் தனிக் கட்டணம். அரசுக் காப்பீட்டில் இருந்தால் பிள்ளைக்கு உடம்பு முடியாத நாளில் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்பீடு பணம் தரும், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 15 நாள். முதல் குளிர்காலத்தில் பிள்ளை கிரிப்பேயில் இருந்த நாளைவிடச் சளியோடு வீட்டில் இருந்த நாள்தான் அதிகம் இருக்கும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதுபோக வருடத்துக்கு முப்பது நாள் வரை கிரிப்பேக்காரர்களே மூடிவிடுவார்கள், ஆகஸ்டில் தொடர்ந்து இரண்டு மூன்று வாரம்.

எனக்கு இடம் கிடைத்த கதையைச் சொல்லவில்லையே. அந்த வயல்காட்டு ஊரிலிருந்து நான் மெயில் போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன், ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், நாற்பத்தொரு மெயில். பதில் வந்தது ஆறு. கோயம்புத்தூரில் எட்டு வருடம் டெஸ்டிங்கில் வேலை பார்த்தவள், இங்கே மதியம் இரண்டு மணிக்கு ஜன்னலில் நின்று டிராக்டரை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை ரயிலில் என் பெண் சத்தமாகத் தமிழில் அழுததைக் கேட்டு எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பினார். யாழ்ப்பாணத்து அக்கா, எண்பதுகளில் வந்தவர், மியூனிக் நகரத்துக்குள்ளேயே இருக்கும் நோய்பெர்லாக்கில் ஒரு கிண்டர்கார்டன் சமையலறையில் வேலை. நான் மெயில் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "மெயிலை ஆர் பிள்ளை வாசிக்கிறது? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரா போங்கோ. முகத்தைப் பார்த்து இல்லையெண்டு சொல்ல அவையளுக்கும் கொஞ்சம் கஷ்டம்தானே." அதோடு, முதலில் அந்த ஊரை விட்டு இங்கே வாருங்கள் என்றார்.

நோய்பெர்லாக் என்றதும் ஆபீஸ் நண்பர்கள் பதறினார்கள். அது அறுபது எழுபதுகளில் கட்டின உயரமான அடுக்குமாடிகள் நிறைந்த இடம், அங்கெல்லாம் அகதிகள், வெளிநாட்டுக்காரர்கள் இருப்பார்கள் என்றார்கள். நாம் யார் என்று கேட்டேன், பதில் இல்லை. இந்த ஐடி விசாவில் வருகிற நம்மவர்களுக்கு ஈழத்துக் குடும்பங்களோடு ஒட்டாமல் இருப்பதில் ஒரு பெருமை, தீபாவளிக்கு ஹால் எடுத்து நாமே நம்மைப் பார்த்துக் கை தட்டிக்கொள்வோம், முப்பது நாற்பது வருடமாக இங்கே பிள்ளை வளர்த்து, வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தி, கோயில் கட்டினவர்களிடம் ஒரு கேள்வி கேட்க மாட்டோம். எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த அக்கா சொன்னது. வீட்டிலிருந்து யூ5 மெட்ரோ பிடிக்க ஆறு நிமிட நடை, பின்னால் ஓஸ்ட்பார்க் பூங்கா, கட்டடத்துக்குக் கட்டடம் பிள்ளைகள். 2015 அக்டோபரில் மாறினோம், அன்மெல்டுங், அதாவது புது முகவரியை அலுவலகத்தில் பதிவு செய்த மறுநாளே பெண்ணைக் கூட்டிக்கொண்டு படியேறத் தொடங்கினேன், வாரா வாரம் அதே ஐந்து இடம். கையில் ஜெர்மனில் மனப்பாடம் செய்த நாலு வரி, ஐந்தாவது வரி கேட்டால் முழிப்பேன். ஜனவரியில் ஒரு குடும்பம் ஹாம்பர்க் போனது, இடம் கிடைத்தது. அதற்குள் பெண்ணுக்குக் கிரிப்பே வயதே முடிந்துவிட்டது, நேராகக் கிண்டர்கார்டன்.

உள்ளே நுழைந்தால் ஆளுக்கொரு கொக்கி, படிக்கத் தெரியாத வயது என்பதால் பெயருக்குப் பதில் படம். எங்களுக்கு நத்தை. முதல் நாள் ஒரு மணி நேரம், நான் முழங்கால் மோவாயில் இடிக்கிற குட்டி நாற்காலியில் மூலையில் உட்கார வேண்டும், பேசக் கூடாது, விளையாட்டில் கை வைக்கக் கூடாது. இதை ஐன்கெவோனுங் என்பார்கள், பிள்ளையைப் பழக்குவது. இரண்டு வாரமும் ஆகும், ஐந்து வாரமும் ஆகும், அதனால் உங்கள் மனைவி வேலையில் சேரும் தேதியை இடம் கிடைத்த தேதியோடு ஒட்டி வைக்காதீர்கள். நாலாம் நாள் என்னைப் பத்து நிமிடம் வெளியே போகச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் சேறு காய்ந்த மழைக் கால்சட்டைகளுக்கு நடுவில் நின்றேன். டீச்சர் வெளியே வந்தார், கையில் துண்டுச் சீட்டு. "உங்களைக் கேட்கவில்லை, வேறு எதையோ கேட்கிறாள்" என்று படித்தார். தன்னி. தன்னி என்றால் என்ன?

அன்றைக்கு அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் பத்துச் சொல் எழுதிக் கொடுத்தேன், ஜெர்மன் எழுத்தில், பக்கத்தில் அர்த்தத்தோடு. தண்ணி, பசி, வலி, தூக்கம், போதும், அம்மா வருவா. குழாய்க்கு மேலே ஒட்டி வைத்தார்கள். வேனில் காலத்தில் ஒருநாள் கூப்பிடப் போனபோது வெள்ளைத் தலைமுடிப் பையன் ஒருவன் காலிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "தன்னி, தன்னி" என்று கத்திக்கொண்டிருந்தான்.

தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சான்று இல்லாமல் 2020இலிருந்து உள்ளேயே விட மாட்டார்கள், இரண்டு பேர் தடுப்பூசி அட்டையையும் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். கூடவே உங்கள் பையனுக்கும் பத்துச் சொல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு வருகிறது என்பதற்கு உங்கள் வீட்டில் மூச்சாவா உச்சாவா, அதை மறக்காமல் முதலில் எழுதுங்கள், நான் விட்டுவிட்டேன், முதல் வாரத்தில் மூன்று கால்சட்டை.