எல்லாம் இருந்தும் என்னால் ஜெபிக்க முடியவில்லை

அன்பின் அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு 47 வயது. பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். கணவர் வளைகுடா நாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை வருவார். மகனும் மகளும் படித்து முடித்து வெளியூர்களில் வேலை பார்க்கிறார்கள். பெரிய வீடு, கார், வங்கியில் பணம், எல்லாம் இருக்கிறது. "கர்த்தர் உங்களை நன்றாக ஆசீர்வதித்திருக்கிறார்" என்று யாராவது சொன்னால் உடம்பு கூசுகிறது.

நான் பிறந்தது திசையன்விளைப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா பனையேறி. அம்மா விடிலிக் குடிசையில் பதநீர் காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓய்வுநாள் பள்ளி வசனங்களை மனப்பாடம் செய்வேன். உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியைக் கோவிலுக்கென்று கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். சில நாள் அந்தப் பிடி எங்கள் வயிற்றில் குறைவது தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் ஜெபம் தானாக வந்தது. இங்கே குளிரூட்டிய அறையில் முழங்கால் போட்டால் ஒரு வார்த்தைகூட வருவதில்லை.

சில மாதங்களாக விடியுமுன் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு உறக்கம் இல்லை. சாப்பாட்டில் ருசி இல்லை. பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஐசுவரியவான் பரலோகத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனத்தைச் சபைக் குருவான ஐயர் வாசித்தபோது, என்னைப் பார்த்தே சொல்வதுபோல இருந்தது. கோவிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தேன். பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்துச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டேன். கொடுத்த அன்று மனம் லேசாகும். பிறகு பழையபடி ஆகிவிடும். மறைவான பாவம் இருந்தால் அறிக்கையிடும்படி ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னார். இரவெல்லாம் தேடிப் பார்க்கிறேன். "உனக்கு அங்கே என்ன குறை?" என்கிறார் கணவர். என்ன பதில் சொல்வேன்?

என் அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பனையேறப் போனதால்தான் நான் ஆசிரியர் பயிற்சி படித்தேன். அவருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறேன். ஊருக்குப் போய் நெடுநாள் ஆகிறது. எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்துவிட்டால்தான் எனக்கு விடுதலையா அக்கா?

— பாளையங்கோட்டைச் சகோதரி

*

அன்பின் தங்கைக்கு,

விற்பதா வேண்டாமா என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். முதலில் உங்கள் உறக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

விடியுமுன் விழிப்பு, ருசியின்மை, பிரியமானவற்றிலிருந்து விலகல், இல்லாத குற்றத்தைத் தேடிக்கொண்டே இருக்கும் மனம். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். உங்களுக்கோ மாதக்கணக்காகிவிட்டது. மாதவிடாய் நிற்கும் வயதில் உறக்கமும் மனநிலையும் குலைவது உண்டு. தைராய்டு குறைபாடும் இரத்தச்சோகையும் இப்படிப் படுத்தும். எளிய இரத்தப் பரிசோதனையில் அவை தெரிந்துவிடும். ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியார் மருத்துவரிடம் போனாலும் சரி, இந்த வாரத்திலேயே போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

மறைவான பாவத்தைத் தேடச் சொன்னவர் உங்கள் நன்மைக்காகவே சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னது தவறு. சூரைச்செடியின் கீழ் விழுந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தூதன் என்ன பாவம் செய்தாய் என்று விசாரித்தானா? தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி உறங்கவிட்டான், இரண்டாம் முறையும் சாப்பிட வைத்தான். தேவன் அவரிடம் பேசியதெல்லாம் அதற்கு வெகுநாள் கழித்துத்தான். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்ட பின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தோனாவூரில் படுக்கையிலேயே கழித்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று நம் பக்கத்தில் யாராவது சொல்வார்களா? உடம்பின் வலிக்குக் கொடுக்கும் அதே மரியாதையை மனத்தின் வலிக்கும் நம் சபைகள் கொடுக்க வேண்டும். இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இனிக் காணிக்கை. ஒலிபெருக்கியும் அசனமும் நல்ல காரியங்களே. ஆனால் நீங்கள் அவற்றை அபராதம் கட்டுவதுபோலக் கட்டியிருக்கிறீர்கள். பதற்றத்தை ஒரு செயலால் தணித்தால், அடுத்த பதற்றத்துக்கும் மனம் அதே செயலைக் கேட்கும். தொகையை மட்டும் கூட்டிக் கேட்கும். வீட்டை விற்றாலும் இந்தக் கணக்கு தீராது. உங்கள் அம்மா போட்ட பிடி அரிசி எந்தக் குற்ற உணர்வையும் அடக்கப் போட்டதல்ல. ஊரில் எல்லா வீட்டிலும் உலையோடு சேர்ந்து நடந்த காரியம் அது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள், வெளிநாட்டுக் காசை எதிர்பார்க்காமல் நம் நாட்டார் பணத்திலேயே ஊழியம் நடக்கும் என்று துணிந்தார்கள். அப்படிப்பட்ட சிறிய கைகளை நம்பித்தானே துணிந்தார்கள்?

எல்லாவற்றையும் விற்கும்படி இயேசு சொன்னது ஐசுவரியமுள்ள ஒரு வாலிபனிடம். வரி வசூலித்துச் செல்வந்தனான சகேயு சொத்தில் பாதியைக் கொடுக்கிறேன் என்றபோது மீதியையும் கொண்டுவா என்று அவர் கேட்கவில்லை. மார்த்தாள் வீட்டில் போய்ச் சாப்பிட்டார். ஐசுவரியத்தை நம்பாதே என்று எழுதிய பவுல், தேவன் சகலத்தையும் நாம் அனுபவிக்கவே கொடுக்கிறார் என்றும் அதே வசனத்தில் எழுதினார். ஆகவே உங்கள் குளிரூட்டியில் குற்றம் இல்லை. எவ்வளவு கொடுப்பது என்பது நல்ல கேள்வி; உறக்கம் திரும்பிய பிறகு கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை சொத்தைப் பற்றி எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. அண்ணனுக்குப் பணம் போகிறது, நீங்கள் போவதில்லை. அவரைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டே வரி. காய்த்துப்போன அந்தக் கைகளைப் பார்க்கத் தெம்பில்லாமல்தான், உங்களுக்குப் பதிலாகப் பணத்தை அனுப்புகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. நான் நினைப்பது தவறென்றால் விட்டுவிடுங்கள். சரியென்றால், வசதி உங்களுக்குச் செய்த கெடுதல் இதுதான்: யார் உதவியும் தேவைப்படாத ஓரிடத்தில் உங்களைக் கொண்டுபோய்த் தனியாக உட்கார வைத்துவிட்டது. விசுவாசத்துக்கு மூச்சு முட்டுவதும் அங்கேதான்.

மருத்துவரைப் பார்த்து உடம்பு கொஞ்சம் தேறியதும் ஊருக்குப் போங்கள். பை நிறையச் சாமான் வேண்டாம். மதினி சமைத்ததைச் சாப்பிடுங்கள், இரவு தங்குங்கள். அண்ணன் படிப்பை விட்ட நாட்களைப் பற்றி அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். அவர் ஒருவேளை கோபப்படலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, உங்களுக்கு உறக்கமில்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள். இத்தனை காலமாக நீங்கள் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். அவர் கொடுத்து நீங்கள் வாங்கிக்கொள்ளவும் ஓர் இடம் வேண்டும்.

ஜெபத்துக்கு வார்த்தை வராவிட்டால் வலிந்து தேடாதீர்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதும் சொல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அதை வாசியுங்கள். ஆராதனையில் லித்தானியா என்ற மறுமொழி ஜெபத்தைச் சொல்லும்போது மற்றவர்கள் குரலோடு உங்கள் குரலைச் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருங்கள், போதும். பாடகர் குழுவுக்குத் திரும்பிப் போங்கள். பாட வராத நாளில் நடுவே நின்றால் போதும்.

என்ன குறை என்று கணவர் மறுபடி கேட்டால் வாதாட வேண்டாம். "வீட்டில் ஒரு குறையும் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை, மாதக்கணக்காக உறங்கவில்லை, மருத்துவரிடம் போகிறேன். அன்றைக்கு நீங்கள் என்னோடு தொலைபேசியில் இருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். மருத்துவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா