மார்கழிக் குளிரும் 30 மில்லியும்

அன்புள்ள ஐயா,

தளியை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ரோஜாப் பசுமைக்குடிலில் மேற்பார்வை வேலை. கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏழு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவோம். மாதத்தில் ஓரிரு நாள் வீட்டில் கொஞ்சம் விஸ்கி குடிப்பவன் நான். இந்தக் குளிருக்குச் சூடாகக் கலந்து குடித்தால் என்ன என்று தோன்றி வீடியோக்கள் பார்த்தேன். போர்பன், வெர்மூத், பிட்டர்ஸ், மேப்பிள் சிரப் என்று அடுக்குகிறார்கள். இங்கே எதுவும் கிடைக்காது. சரி என்று கொதிக்கிற தண்ணீரை விஸ்கியில் ஊற்றி எலுமிச்சை பிழிந்தேன். மூக்கில் நெடி ஏறி இருமல் வந்துவிட்டது. கசப்பு வேறு.

நம் ஊரில் கிடைப்பதை வைத்துச் செய்ய வழி உண்டா? விஸ்கி உடம்புக்குச் சூடு என்பது உண்மையா? எங்கள் பாட்டி, சளி பிடித்த குழந்தைகளுக்குத் தேனில் ஒரு ஸ்பூன் பிராந்தி குழைத்துக் கொடுப்பார். அம்மாவோ, "குடிக்கிறதே தப்பு, அதுக்கு அடுப்பங்கரை வேற வேணுமா?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

மு., தளி

*

அன்புள்ள மு.,

முதலில் அந்த நெடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. தூய ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு அந்தத் தண்ணீரை விஸ்கியில் ஊற்றினால் ஆல்கஹால் ஆவியாகக் கிளம்பும். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது நேராக மூக்கில் ஏறும். நல்ல வாசனை எதுவாக இருந்தாலும் அதோடு போய்விடும். எலுமிச்சையும் அப்படித்தான். தோலும் விதையும் நசுங்கும்படிப் பிழிந்து கொதிநீரில் விட்டால் கசக்கத்தான் செய்யும். ஆகவே வரிசையை மாற்றுங்கள். சூடான நீர் முதலில், இனிப்பு அடுத்து, எலுமிச்சை அதன்பின், விஸ்கி கடைசி. தண்ணீரை இறக்கி மூன்று நான்கு நிமிடம் ஆறவிடுங்கள். எவர்சில்வர் டம்ளரைக் கையில் பிடிக்க முடிகிற பதம் வந்தபிறகு விஸ்கியை விட்டால் போதும். விஸ்கியை மட்டும் ஒருபோதும் அடுப்பில் வைத்துச் சுடவைக்காதீர்கள். அதன் ஆவி கேஸ் தீயில் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

இப்போது அந்த வீடியோக்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் 'ஹாட் டாடி' என்று குடிப்பதில் என்ன இருக்கிறது? சூடான நீர், இனிப்பு, புளிப்பு, கொஞ்சம் கிராம்பும் பட்டையும், விஸ்கி. விஸ்கியை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் இருப்பது உங்கள் அம்மா காலங்காலமாக வைக்கும் சுக்குக் கஷாயம்தான். வெளியே தேட வேண்டியது எதுவும் இல்லை. மேப்பிள் சிரப் வாங்க பெங்களூருக்கு ஓட வேண்டாம். பாலக்கோடு, கடத்தூர்ப் பக்கத்து வெல்லம் இருக்கிறது உங்களுக்கு. விஸ்கியோடு சேர்வதற்கு வெள்ளைச் சர்க்கரையைவிட அது எவ்வளவோ மேல். பீப்பாயில் கிடந்த விஸ்கிக்கு ஒரு கருகல் இனிப்பு உண்டு. நல்ல வெல்லத்திலும் அதே கருகல் வாசம் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வெல்லம் வாங்கும்போது பளீரென்ற மஞ்சளைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டு நிறம் மாற்றியது. அழுக்குப் பழுப்பாக, உடைத்தால் உள்ளே ஈரம் தெரிகிற உருண்டையாகப் பாருங்கள். 100 கிராம் வெல்லத்தைத் தட்டி 100 மில்லி தண்ணீரில் போட்டு, கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். பாகுப் பதம் பார்க்க வேண்டாம், கம்பி வந்தால் டம்ளரில் கரையாமல் அடியில் தங்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். கரும்புச் சக்கைத் துணுக்கும் மண்ணும் துணியில் நிற்பதைப் பார்ப்பீர்கள். வடிகட்டாமல் விட்டால் கடைசி மடக்கில் அதெல்லாம் நாக்கில் நறநறக்கும். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

சுக்கு ஒரு விரல்நுனி அளவு, மிளகு நாலு, கிராம்பு இரண்டு, பட்டை ஒரு சிறு துண்டு. எல்லாவற்றையும் நசுக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, முக்கால் டம்ளராகச் சுண்டும் வரை சிறு தீயில் வையுங்கள். பொடித்துப் போடாதீர்கள், கலங்கிவிடும், தொண்டையும் எரியும். வடிகட்டி, கொஞ்சம் ஆறியதும், வெல்லக் கரைசல் இரண்டு டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒன்றரை டீஸ்பூன். இப்போது ருசி பாருங்கள். விஸ்கி இல்லாமலே அது குடிக்க நன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கேயே சரி செய்யுங்கள், விஸ்கி வந்து எதையும் சரி செய்யாது. பிறகு 30 மில்லி விஸ்கி.

இந்த 30 மில்லி என்பதைத்தான் நான் இந்தப் பதிலில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். நம் கடைகளில் விற்கும் விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதில் 30 மில்லி எடுத்தால் உள்ளே இருக்கும் ஆல்கஹால் சுமார் 10 கிராம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, சுமார் 60 கிராம். நம் ஆட்கள் அந்தக் குவார்ட்டரை எப்படிக் குடிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட், நின்றவாக்கில் பத்து நிமிடம். ருசிக்காகக் குடிப்பவன் அப்படிக் குடிக்க மாட்டான். மூடி திறந்தால் தீர்த்தே ஆக வேண்டும் என்கிற அவசரம் அது. அந்த அவசரம் எத்தனை வீட்டுப் பெண்களின் கூலிப் பணத்தைத் தின்றிருக்கிறது என்பது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கலந்து குடிப்பதில் ஒரு நன்மை உண்டென்றால், 30 மில்லி ஒரு முழு டம்ளராகிறது, சூடாக இருப்பதால் ஒரே மடக்கில் விழுங்க முடியாது, உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதற்காகவே இந்த வேலையெல்லாம். அளவு பார்க்க இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடி போதும், கோடு போட்டிருக்கும். கண்ணளவு வேண்டாம். கண்ணளவு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும்.

எந்த விஸ்கி என்று கேட்பீர்கள். இந்தியாவில் விலை குறைந்த விஸ்கிகள் பலவும் கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்து வடித்த ஸ்பிரிட்டில், முளைகட்டிய பார்லியில் வடித்த மால்ட் விஸ்கியைக் கொஞ்சம் சேர்த்துச் செய்பவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது, அங்கே தானியத்திலிருந்துதான் வடிக்க வேண்டும். இதைச் சொல்லி உங்களை மனம் நோகவைக்க எண்ணமில்லை. மசாலாவும் வெல்லமும் சேர்கிற சூடான கலவைக்கு அது தாராளமாகப் போதும். விலை உயர்ந்த சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே ஆலையில் வடித்த மால்ட் விஸ்கியை, சுக்குத் தண்ணீரில் ஊற்றுவதுதான் வீண். அதைச் சும்மா நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குடிக்க வேண்டும். அப்படி ஒன்றை ருசி பார்க்க ஆசைப்பட்டால், ஓசூரிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கும் பெங்களூரில் செய்யப்படும் அம்ருத் உலகம் மதிக்கும் சிங்கிள் மால்ட். 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தார்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும் என்றால் பெங்களூர்ச் சூட்டில் 10 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிவிடுகிறது. விஸ்கியும் அதே வேகத்தில் முதிர்ந்துவிடுகிறது. அங்கே பல காலம் எடுப்பது இங்கே நாலைந்து வருடத்தில் வந்துவிடும். வாங்குவதென்றால் நம் மாநிலத்துக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். எல்லை தாண்டிப் பையில் போட்டுக் கொண்டுவந்து செக்போஸ்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது ஒன்று சொல்கிறேன், காபி. 1940-களில் அயர்லாந்தின் ஃபாயின்ஸ் கடல்விமானத் தளத்தில், குளிரில் விறைத்து இறங்கிய பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் காபியில் விஸ்கி கலந்து, மேலே க்ரீம் மிதக்கவிட்டுக் கொடுத்தார். அதுதான் ஐரிஷ் காபி. நம் ஃபில்டர் டிகாக்‌ஷனில் இது அருமையாக வரும். கெட்டி டிகாக்‌ஷன் கால் டம்ளர், வெந்நீர் கால் டம்ளர், சர்க்கரை இரண்டு ஸ்பூன், விஸ்கி அதே 30 மில்லி. இங்கே மட்டும் வெல்லம் வேண்டாம், காபியின் வாசனையை அது அமுக்கிவிடுகிறது. சர்க்கரையைக் குறைக்கவும் வேண்டாம். அது காபியின் அடர்த்தியைக் கூட்டுவதால்தான் க்ரீம் மேலே நிற்கிறது. க்ரீம் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு சிறு பாட்டிலில் ஊற்றி மூடி, ஊற்றினால் மெல்ல வழிகிற பதம் வரும் வரை குலுக்குங்கள். ஸ்பூனைக் கவிழ்த்து காபியைத் தொட்டாற்போல் பிடித்து, அதன் முதுகின் மேல் மெதுவாக விடுங்கள். கறுப்புக்கு மேல் வெள்ளை ஒரு விரல் கனத்துக்கு நிற்கும். கலக்காமல், குளிர்ந்த க்ரீம் வழியாகச் சூடான காபியை உறிஞ்ச வேண்டும். ஆனால் காபி போதையை இறக்காது, தூக்கத்தை மட்டும்தான் விரட்டும். தெளிவாக இருக்கிறோம் என்று தோன்றும், இருக்க மாட்டோம். எனவே இதில் இரண்டாவது டம்ளர் கிடையாது.

வெர்மூத்தை மறந்துவிடுங்கள். பிட்டர்ஸ் கொடுப்பது கசப்பும் வாசனையும். அதற்கு ஒரு ஸ்பூன் கடுந்தேநீரும், வெள்ளைப் பகுதி நீக்கிய கமலா ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்றும் ஓரளவு ஈடு கொடுக்கும்.

சூடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விஸ்கி குடித்தால் சூடாக உணர்வது உண்மை. உடம்பு சூடாவது உண்மையில்லை. ஆல்கஹால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய சூடான ரத்தம் தோலுக்கு வருகிறது, முகம் கதகதக்கிறது, அந்த வெப்பம் வெளியே போய்விடுகிறது. உள்ளுடம்பின் வெப்பம் உண்மையில் குறைகிறது. மார்கழி இரவில் குடித்துவிட்டு வயலுக்குக் காவல் போகிறவர்கள், திறந்த வண்டியில் பூக்கூடையோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதவைச் சாத்தி, கம்பளி போர்த்தி, வீட்டுக்குள் இருக்கும் நாளில் மட்டும் இதைச் செய்யுங்கள். ஒரு டம்ளர்தானே என்று பைக்கை எடுக்கவும் வேண்டாம். அந்தப் பனியில் தளி ரோட்டில் எதிரே யானை நின்றாலும் தெரியாது.

பாட்டியின் பிராந்தியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது. அன்று தெரியாமல் செய்தார்கள், அவர்கள் அன்பில் குறையில்லை. நமக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அந்தத் தேனும் கூடாது. பெரியவர்களுக்கும் சளிக்கு இது மருந்தல்ல. தொண்டைக்கு இதம் தருவது சுக்கும் வெந்நீரும்தான். சளி மாத்திரை போட்ட நாளில் விஸ்கியைத் தொடவே வேண்டாம். பல மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. எந்த அளவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டே எப்போதாவது ருசிக்காகக் குடிப்பது என்றால் இந்த 30 மில்லி.

அம்மாவுக்குப் பதில் சொல்ல முயலாதீர்கள். அவர் பேசுவதற்குப் பின்னால் இந்த மண்ணின் அனுபவம் இருக்கிறது. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று மதராஸ் மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். நம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. அந்தச் சட்டத்தைப் பற்றி ஆயிரம் விவாதம் செய்யலாம். ஆனால் குடியால் குடும்பம் அழிவதை நேரில் பார்த்தவர் செய்த காரியம் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2008 மே மாதத்தில் கர்நாடகத்திலும் நம் எல்லைக் கிராமங்களிலும் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். உங்கள் அம்மா அந்தச் சாவுகளைப் பற்றிக் கேட்டிருப்பார், ஒருவேளை ஏதாவது ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கவும் போயிருப்பார். அவர் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால் அவர் அடுப்பங்கரையில் செய்யாதீர்கள். கஷாயத்தை அவரே வைத்துத் தரட்டும், விஸ்கியை உங்கள் அறையில் கலந்துகொள்ளுங்கள். அதையும் அவர் விரும்பவில்லை என்றால் இந்தக் குளிர்காலம் சுக்குத் தண்ணீரோடு போகட்டும். ஒன்றும் குறைந்துவிடாது.

கலப்பதென்று முடிவானால் வெறும் வயிற்றில் வேண்டாம். உங்கள் பக்கம் இப்போது பச்சை அவரைக்கொட்டைக் காலம். பிதுக்குப் பருப்புக் குழம்பும் ராகிக் களியும் வயிற்றுக்குள் போய் அரைமணி நேரம் ஆனபிறகு டம்ளரை எடுங்கள். கஷாயத்தை வீட்டில் எல்லோருக்கும் சேர்த்தே வையுங்கள், வெல்லமும் எலுமிச்சையும் சேர்த்து ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் உங்கள் டம்ளரில் மட்டும் அந்த மூடியால் அளந்து ஊற்றிக்கொள்ளுங்கள். வெல்லம் எந்த ஊர் வெல்லம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஊருக்கு ஊர் அதன் உப்பு மாறும், எலுமிச்சை அளவை அதற்குத் தகுந்தபடிக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்