வர்க்கியும் வைட்டமின் மாத்திரையும்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்துவந்து, நாலைந்து வர்க்கியும் (கொழுப்பு சேர்த்துச் சுட்ட எங்கள் ஊர் மொறுமொறு பலகாரம்) போண்டாவும் சாப்பிட்டுவிட்டு உறங்குகிறார். சாப்பிடும் முன் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை விழுங்கினால் கொழுப்பு இரத்தக் குழாயைத் தொடாது என்று நண்பர் சொன்னதை நம்பி, அவற்றை வாங்கி வைத்திருக்கிறார். இது உண்மையா, டாக்டர்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: நண்பர் சொன்னதற்கு ஓர் ஆதாரம் உண்டு, அம்மா. 1997-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவர்கள், நல்ல உடல்நலமுள்ள 20 பேருக்கு 50 கிராம் கொழுப்புள்ள காலை உணவைக் கொடுத்து, கையின் தமனி எந்த அளவு விரிகிறது என்பதை மணிக்கொரு முறை ஸ்கேன் கருவியால் அளந்தார்கள். இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது; கொழுப்பு மிகுந்த அந்த ஒரே வேளை உணவுக்குப் பின் அந்தத் திறன் நான்கு மணி நேரம் வரை வெகுவாகக் குறைந்திருந்தது. அதே உணவுக்கு முன் 1 கிராம் வைட்டமின் சி-யும் 800 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தபோது அந்தக் குறைவு ஏற்படவில்லை.

ஆனால் அது சில மணி நேரக் கணக்கு. வைட்டமின் ஈ மாத்திரையை 9,500-க்கும் மேற்பட்ட இதய, சர்க்கரை நோயாளிகளுக்குச் சுமார் நாலரை ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து 2000-இல் வெளியான ஆய்வில் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. இரண்டு வைட்டமின்களையும் அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் எட்டு ஆண்டுகள் சோதித்த 2008 ஆய்வும் அதையே காட்டியது. இரத்தக் குழாய் இந்தத் தற்காலிகப் பாதிப்பிலிருந்து தானே மீள்கிறது. ஐப்பசியில் கொடியில் போட்ட துணி காய்வதற்குள் அடுத்த மழை பிடித்துக்கொள்வதைப் போல, மீள்வதற்குள் அடுத்த கொழுப்புணவும் பீடிப் புகையும் சேரும்போதுதான், ஆண்டுக்கணக்கில் உட்சுவர் கெடுகிறது. அந்தச் சேதத்தை மாத்திரை தடுப்பதாக நிரூபணம் இல்லை.

வைட்டமின் குறைபாடு வேறு விஷயம். நம் குன்னூரில்தான் 1918-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் அந்தக் குறைபாடு பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த ஆய்வகமே 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குறை இருந்தால் வைட்டமின் அதை நிச்சயம் தீர்க்கும். ஆனால் ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவையான சுமார் 80 மில்லிகிராம் வைட்டமின் சி, நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாப்பழத்திலேயே கிடைத்துவிடும்.

வர்க்கியை அடியோடு விலக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றோடு நிறுத்தி, போண்டாவுக்குப் பதில் இட்லியும் பழமும் கொடுங்கள். புகைப் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்தட்டும். இரத்தம் உறையாமலிருக்க அவர் ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதிக அளவு வைட்டமின் ஈ இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம்.