மியூனிக்கில் வென்றவர்கள் எங்கே போனார்கள்?

விளையாட்டுப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

ஜப்பான் ஆண்கள் கரப்பந்தாட்ட அணியைப் பற்றி வந்த ஒரு கேள்விக்குச் சென்ற இதழில் நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தோம். அது போதாது என்று திருகோணமலை மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். அந்த அணியின் வரலாறு நான்கு வரிகளில் அடங்குவதன்று. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆண்கள் அணி தங்கம் வென்றது என்று என் தந்தையார் அடிக்கடி சொல்வார். அது உண்மையா? எப்படி வென்றார்கள்? (வாசகர், உவர்மலை)

பதில்: உங்கள் தந்தையார் சொல்வது முற்றிலும் உண்மை. கரப்பந்தாட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1964ஆம் ஆண்டு டோக்கியோவில். அங்கே ஜப்பான் பெண்கள் அணி தங்கம் வென்றது. ஆண்கள் அணி வெண்கலம் பெற்றது. பெண்களின் வெற்றியில் நாடே மூழ்கியிருந்த அந்த நாள்களில் ஆண்களின் வெண்கலத்தைப் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு. அதன் பின்னர் ஆண்கள் அணியின் பொறுப்பை ஏற்ற பயிற்றுநர் யசுதகா மட்சுதைரா, எட்டு ஆண்டுகளில் தங்கம் என்று திட்டம் வகுத்து வேலையைத் தொடங்கினார். 1968இல் மெக்சிக்கோவில் வெள்ளி கிடைத்தது. 1972இல் மியூனிக்கில் தங்கம் கிடைத்தது.

அவர்கள் கொண்டுவந்த ஆட்டம் அன்றைய உலகத்துக்குப் புதியது. அதுவரை பெரும்பாலான அணிகள் பந்தை உயரத் தூக்கிக் கொடுத்து, அது இறங்கி வரும்போது பலம் கொண்ட மட்டும் அறைந்தன. எதிரணியினர் அந்தப் பந்தைப் பார்த்து நிதானமாக வலையருகே வந்து தடுக்க அவகாசம் இருந்தது. ஜப்பான் அணியின் செட்டர் (அறைபவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) கட்சுதோஷி நெகோடாவோ, அறைபவர் மேலெழும்பிய பின்னரே பந்தை வலைக்குச் சற்று மேலே, அவருடைய கைக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தார். இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது: ஒருவர் அறையப்போவதுபோல் எழும்ப, தடுப்பவரும் அவரோடு எழும்ப, தடுப்பவர் தரைக்கு இறங்கும் கணத்தில் பின்னால் வந்த இரண்டாமவர் அதே இடத்தில் அறைந்துவிடுவார். ஜுங்கோ மொரிடா என்ற வீரர் அதைத் தனியொருவராகவே செய்து காட்டினார். முழங்காலை மடித்து, கைகளை வீசி, எழும்புவதுபோல் பாவனை செய்து, தடுப்பவரை மேலே அனுப்பிவிட்டு, அரைக் கணம் பொறுத்து அவர் எழும்புவார். இன்று உலகின் எந்த அணி ஆடும் ஆட்டத்தைப் பார்த்தாலும் இவற்றின் சாயலைக் காணலாம்.

ஆனாலும் மியூனிக்கில் எல்லாம் இலகுவாக நடந்துவிடவில்லை. பல்கேரியாவுக்கு எதிரான அரையிறுதியில் ஜப்பான் முதல் இரண்டு செட்களையும் இழந்தது. அக்காலத்தில் ஒரு செட்டுக்கு 15 புள்ளிகள். அதுவும் பந்தைப் பணிக்கும் (சேர்வ் செய்யும்) அணிக்கே புள்ளி சேரும் என்பதால், பின்தங்கிய அணி மீண்டு வருவது நீண்ட நேரம் எடுக்கின்ற, பொறுமையைச் சோதிக்கின்ற காரியம். மட்சுதைரா பதற்றப்படாமல் மூத்த வீரர்களான மசயுகி மினாமியையும் யூசோ நகமுராவையும் களத்தில் இறக்கினார். அடுத்த மூன்று செட்களையும் ஜப்பான் வென்றது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது 1970இன் உலக சம்பியனான கிழக்கு ஜேர்மனி. அங்கும் முதல் செட் கைநழுவியது. பிறகு வந்த மூன்றையும் வென்று 3–1 என்று ஆட்டத்தை முடித்தார்கள்.

கேள்வி: எனக்கு உயரம் 170 சென்ரிமீற்றருக்கும் குறைவு. பாடசாலை அணியில் இடம் இல்லை என்கிறார்கள். ஜப்பான்காரர்கள் குள்ளமாக இருந்துதானே உலகத்தை வென்றார்கள்? (மாணவர், கிண்ணியா)

பதில்: தம்பி, 1972 அணியைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை அது. ஆனால் அது சரியான கதையன்று. அந்த அணியின் தூண்களாக இருந்த செய்ஜி ஓகோ, ஜுங்கோ மொரிடா, தடயோஷி யோகோடா ஆகிய மூவருமே 190 சென்ரிமீற்றரைத் தாண்டியவர்கள், மினாமியும் அப்படியே. மட்சுதைரா நெட்டையான இளைஞர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பிறகு அவர்களைக் கைகளால் நடக்கவும் குட்டிக்கரணம் போடவும் வைத்து, குள்ளமானவர்களுக்குரிய சுறுசுறுப்பையும் தரைக்குப் பாய்ந்து பந்தெடுக்கும் பழக்கத்தையும் அவர்கள் உடம்பில் ஏற்றினார். உயரத்தைப் புறக்கணித்து வென்றார்கள் என்பதைவிட, உயரமானவர்கள் செய்ய மறுத்த வேலையை உயரமானவர்களைக் கொண்டே செய்வித்து வென்றார்கள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

உங்களுக்கு ஆறுதல் தரக்கூடியது இன்றைய அணிதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ஜப்பான் அணியின் செட்டர் மசஹிரோ செகிடாவின் உயரம் 175 சென்ரிமீற்றர். லிபரோ தொமோஹிரோ யமமோட்டோவின் உயரம் 171. லிபரோ என்னும் இடம் 1998இல்தான் சர்வதேச விதிகளில் வந்தது. வேறு நிறச் சட்டை அணிந்த அந்த வீரர் வலையில் தடுக்கவோ, வலைக்கு மேலாக அறையவோ கூடாது; பந்தைப் பெறுவதும் விழவிடாமல் காப்பதுமே அவர் பணி. அந்த இடத்தில் உயரம் ஒரு பொருட்டன்று. ஆனால் வலையின் நடுவில் நின்று தடுக்கும் இடத்தை உங்கள் உயரத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீற்றர், அதில் யாருக்கும் சலுகை இல்லை. உங்கள் ஆசிரியரிடம் போய், லிபரோவாகவோ செட்டராகவோ பயிற்சி தரும்படி கேளுங்கள்.

கேள்வி: இந்த அணி உலகக் கிண்ணத்தையோ உலக சம்பியன்ஷிப்பையோ வென்றதுண்டா? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: இல்லை. உலக சம்பியன்ஷிப்பில் 1970இலும் 1974இலும் வெண்கலம். உலகக் கிண்ணத்தில் 1969இலும் 1977இலும் வெள்ளி.

கேள்வி: அவ்வளவு சிறந்த அணி பிறகு ஏன் காணாமற் போயிற்று? (வாசகி, மூதூர்)

பதில்: ஒரே நாளில் போகவில்லை. 1976 மொன்றியலில் நான்காம் இடம், 1984இல் ஏழாம் இடம், 1988இல் பத்தாம் இடம், 1992இல் ஆறாம் இடம். அதற்குப் பிறகு 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளுக்கும் தகுதியே பெறவில்லை. 2008இல் பெய்ஜிங்குக்குப் போய் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோற்றார்கள். 2012, 2016 ஆகிய இரண்டுக்கும் மீண்டும் போகவில்லை. தங்கம் வென்ற ஒரு நாட்டுக்கு இது மிகவும் வேதனையான வரிசை.

காரணங்களில் முதலாவது, அவர்கள் கண்டுபிடித்ததை மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். உயரமும் பலமும் உடைய போலந்து வீரர்கள் வேகமான தாக்குதலைத் தமதாக்கிக்கொண்டதோடு நிற்கவில்லை. தொமாஷ் வோய்தோவிச் பின்வரிசையிலிருந்து பாய்ந்து வந்து அறையும் முறையையும் சேர்த்தார். 1974 உலக சம்பியன்ஷிப்பும் 1976 ஒலிம்பிக் தங்கமும் போலந்துக்குப் போயின. இரண்டாவது, 1970களின் பிற்பகுதியில் விதி மாறியது: அதுவரை தடுக்கும்போது கையில் பட்ட பந்தும், பந்தைத் திருப்பி அனுப்புமுன் ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட மூன்று தொடுகைகளில் ஒன்றாகக் கணக்கிடப்பட்டது, புதிய விதியில் அது கணக்கில் வராது. இதனால் நன்றாகத் தடுக்கும் நெட்டையான அணிக்குத் தடுத்த பின்னரும் மூன்று தொடுகைகள் முழுமையாகக் கிடைத்தன. மூன்றாவது, 1984இல் தங்கம் வென்ற அமெரிக்க அணி, எதிரணி பணிக்கும் பந்தைப் பெறும் பொறுப்பைக் கார்ச் கிராய் உட்பட இருவரிடம் மாத்திரம் ஒப்படைத்து, அந்த வேலையைத் தனித் திறமையாகவே வளர்த்தது. பெறுதலில் ஜப்பானுக்கு இருந்த முதன்மை அத்தோடு கரைந்தது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணமாக எனக்குப் படுவது வேறொன்று. இத்தாலியில் உலகின் சிறந்த வீரர்கள் வாராவாரம் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த 1990களிலும் அதற்குப் பின்னரும், ஜப்பானின் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் உள்நாட்டு லீக்கிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: 2024இல் பாரிஸில் இத்தாலியுடன் அவர்கள் ஆடிய ஆட்டத்தைத் தொலைபேசியில் பார்த்தேன். வென்றுவிட்டார்கள் என்று நினைத்திருக்கத் தோற்றார்கள். இந்த அளவுக்கு எப்படி மீண்டு வந்தார்கள், அன்று என்ன நடந்தது? (வாசகர், நிலாவெளி)

பதில்: மீண்டு வந்த கதை 2014இல் தொடங்குகிறது. அவ்வாண்டு யூகி இஷிகவா, பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே, இத்தாலியின் மொடெனா கழகத்துக்கு ஆடப்போனார். பின்னர் மிலான், அதன் பின்னர் பெருஜியா என்று அவர் வளர்ந்தார். ரன் தகஹஷி, யூஜி நிஷிடா ஆகியோரும் இத்தாலிக்குப் போய் ஆடினார்கள். பிரான்ஸ் நாட்டுப் பயிற்றுநர் பிலிப் பிளேன் முதலில் தேசிய அணியின் பயிற்றுநர் குழுவில் இருந்தார், டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பின்னர் அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். டோக்கியோவில் 2021இல் நடந்த ஒலிம்பிக்கில் ஈரானை 3–2 என்று வென்று, 29 ஆண்டுகளின் பின் காலிறுதியை அடைந்தார்கள். 2023இல் ஈரானின் மண்ணிலேயே ஈரானை வென்று ஆசிய சம்பியனானார்கள். அதே ஆண்டு, முன்னணி நாடுகள் ஆண்டுதோறும் மோதும் நேஷன்ஸ் லீக் தொடரில் வெண்கலம், 2024இல் அதே தொடரில் வெள்ளி.

இனி பாரிஸ் காலிறுதி. முதல் இரண்டு செட்களையும் ஜப்பான் 25–20, 25–23 என்று வென்றது. மூன்றாவதில் 24–21. ஒரேயொரு புள்ளி எடுத்தால் அரையிறுதி. அங்கிருந்து இத்தாலி அணி ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்துக்கொண்டு வந்தது. இரண்டு புள்ளி முன்னிலை இல்லாமல் செட் முடியாது என்பதால் ஆட்டம் நீண்டு, 27–25 என்று இத்தாலிக்குப் போயிற்று. நான்காவது 26–24, ஐந்தாவது 17–15. மியூனிக்கில் பல்கேரியாவுக்கு ஜப்பான் செய்ததை இங்கே ஜப்பானுக்கு இத்தாலி செய்தது. அந்த வீரர்களை நான் குறை சொல்லமாட்டேன். கடைசி மூன்று செட்களிலும் அவர்களைப் பிரித்தது செட்டுக்கு இரண்டு புள்ளிகள் மாத்திரமே. ஆனால் 2025இல் பிலிப்பைன்ஸில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் துருக்கியிடமும் கனடாவிடமும் ஒரு செட்டும் எடுக்காமல் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறியது அப்படிப்பட்டதன்று. அங்கே எதிரணிகளின் பலமான பணிப்பின் முன்னால் ஜப்பானின் ஆட்டம் இறுதிவரை நிலைகொள்ளவில்லை.

கேள்வி: கரப்பந்தாட்டம் எமது தேசிய விளையாட்டு. எமது தேசிய அணியின் நிலை என்ன? ஜப்பானிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்? (வாசகர், மக்கெய்சர் மைதானத்துக்கு அருகில், திருகோணமலை)

பதில்: 1916இல் கொழும்பு வை.எம்.சீ.ஏ.யின் உடற்கல்விப் பணிப்பாளர் றொபேர்ட் வோல்ற்றர் கமக் இந்த ஆட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1951இல் சம்மேளனம் அமைந்தது. 1991இல் இது தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. தெற்காசிய விளையாட்டு விழாவில் எமது ஆண்கள் அணி 2016இல் குவாஹாட்டியில் வெள்ளியும் 2019இல் காத்மாண்டுவில் வெண்கலமும் பெற்றது. ஊருக்கு ஊர் வலை கட்டி ஆடப்படும் ஒரு விளையாட்டுக்கு இந்தப் பெறுபேறு போதாது என்பதே என் கருத்து.

பயிற்சி முகாம்களை நீட்டுவதால் மாத்திரம் இது மாறாது. இஷிகவா செய்ததைத் தெற்காசியர் ஒருவர் அவருக்கு வெகு காலம் முன்பே செய்து காட்டியிருக்கிறார். கேரளத்தைச் சேர்ந்த ஜிம்மி ஜோர்ஜ் இத்தாலியக் கழகங்களுக்கு ஆடினார். அவர் இடம்பெற்ற இந்திய அணி 1986 சியோல் ஆசிய விளையாட்டு விழாவில் ஜப்பானையே பின்தள்ளி வெண்கலம் வென்றது. மறு ஆண்டே இத்தாலியில் வீதி விபத்தில் அவர் உயிரிழந்தது தெற்காசியக் கரப்பந்தாட்டத்துக்குப் பேரிழப்பு. எமது வீரர்களில் இரண்டு மூன்று பேராவது ஆண்டுதோறும் வெளிநாட்டு லீக்குகளில் முழுப் பருவமும் ஆடுவதற்கு வழிசெய்யப்பட வேண்டும். அவர்கள் திரும்பி வந்து முகாமில் நிற்கும்போது மற்றப் பத்துப் பேரும் அவர்களுடைய வேகத்துக்கு ஈடுகொடுத்தாக வேண்டும். ஜப்பானிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதலாவது விடயம் இதுதான்.

கேள்வி: எங்கள் ஊர் அணிக்குக் கச்சான் காற்றுக் காலத்தில் பந்தைப் பெறுவது பெரும்பாடு. ஜப்பான் அணி பெறும் முறையை நாங்கள் பின்பற்றலாமா? (விளையாட்டுக் கழக உறுப்பினர், சம்பூர்)

பதில்: பின்பற்றலாம், பின்பற்றவும் வேண்டும். யமமோட்டோ பெறுவதைப் பாருங்கள்: பந்து எதிரணியின் கையை விட்டுப் புறப்படும்போதே அவர் கால்கள் நகர்ந்துவிடும், பந்து வந்து சேரும்போது அவர் நிற்பார், கைகளை வீசமாட்டார். சுழற்சியில்லாமல் பணிக்கப்பட்ட பந்து காற்றில் கடைசிக் கணத்தில் விலகும் என்பதால், கையை முன்கூட்டியே பூட்டி வைத்திருப்பவர் ஏமாந்துபோவார். கச்சான் மாலையில் தரையிலிருந்து கடல் பக்கமாக வீசுகிறது. அந்தக் காற்றை முதுகில் வாங்கிப் பணிக்கும் பக்கத்திலிருந்து வரும் பந்து நீளும் என்பதால், பெறுபவர்கள் வழமையைவிட ஓரடி பின்னுக்கு நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பந்து குறுகி முன்னால் விழும். பயிற்சியில் இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றி ஆடுங்கள். மூவர் பெற நிற்கும்போது இருவருக்கு நடுவே வரும் பந்து யாருடையது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிட்டு, பந்து வலையைக் கடப்பதற்குள் அவர் குரல் கொடுக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள்.