மலிவு பேஸ் கிற்றாரை விற்கமுதல்

வணக்கம். உங்கட மலிவு பேஸில ஈ கம்பி (ஆகத் தடிச்சது) முதல் 5 ஃபிரெற்றுக்குள்ள (கழுத்தில குறுக்கா இருக்கிற உலோகக் கீற்றுகள்) தட்டி அதிருது, ஆம்பில (ஒலிபெருக்கியில) போட்டால் இரையுது, இதை வித்துப்போட்டு ஃபென்டர் எண்ட பேர்பெற்ற கொம்பனியின்ர பேஸ் வாங்கவோ எண்டு கேட்டிருந்தீங்கள். அவசரப்படாதேங்கோ.

கீழ் ஃபிரெற்றுகளில மட்டும் தட்டினால் அநேகமா நெக் (கழுத்து) அளவுக்கு மிஞ்சி நேரா நிக்குது. சுருதி கூட்டிப்போட்டு ஈ கம்பியை முதல் ஃபிரெற்றிலயும் கடைசி ஃபிரெற்றிலயும் அமத்திப் பிடியுங்கோ. 7ஆம் ஃபிரெற்றுக்கும் கம்பிக்கும் இடையில 0.3 மி.மீ. அளவு இடைவெளி வேணும். இல்லையெண்டால் ட்ரஸ் ராடை (நெக்கின்ர வளைவைச் சரிசெய்ய உள்ளுக்கு இருக்கிற உலோகத் தண்டு) இடப்பக்கம் கால் சுற்று தளத்தி, ஒரு நாள் விட்டு, திரும்பச் சுருதி கூட்டி அளவுங்கோ. இறுகி நிண்டால் பலவந்தம் வேண்டாம். பிறகுதான் ஃபிரெற்றுக்கு மேல கம்பி நிக்கிற உயரம்: 17ஆம் ஃபிரெற்றில ஈ கம்பி 2.4, ஜி கம்பி (ஆக மெல்லிசு) 2 மி.மீ. மாரி தொடங்கினால் மரம் ஈரம் இழுக்கும், அப்ப ஒருக்கால் திரும்பப் பாக்கவேணும்.

கம்பியைத் தொட்டவுடன இரைச்சல் குறைஞ்சால் வயர்கள் இருக்கிற உள்குழிக்குச் செப்புத் தாள் ஒட்டி, அதைக் கிரவுண்ட் வயரோட பற்றவையுங்கோ. தொட்டும் மாறாட்டி, பிரிட்ஜுக்கு (உடம்பில கம்பிகளைத் தாங்கிற உலோகத் துண்டு) போற கிரவுண்ட் வயர் விட்டிருக்கும்.

புது 45–105 கம்பி செற் (அது கம்பித் தடிப்பு) போட்டால் மேடையில மலிவு பேஸுக்கும் விலை கூடினதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால பிடிக்கிறது கஷ்டம். மலிவில உண்மையிலயே தோக்கிறது சுருதிச் சாவியும் வொலியூம் பொட்டும் (சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகி); ரெண்டையும் மாத்தலாம். நெக் முறுகியிருந்தால் மட்டும் காசு செலவழிக்காதேங்கோ.