‘நாளை’ என்றொரு சுவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருச்சியில் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இது மூன்றாவது முறை. பயிற்சி மையத்துக்குப் போகும் வழியில், பூட்டிக் கிடக்கும் ஒரு குடோன் சுவரில் ‘நாளை’ என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. முன்னும் பின்னும் வெறும் வெள்ளை. முன்பு அங்கே பெட்டிக்கடை வைத்திருந்தவர் எழுதிய ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்பதன் மிச்சம் என்கிறார் டீக்கடை அண்ணன். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால், யாருக்கோ ‘நாளைய முதல்வர்’ என்று எழுதியது, தேர்தலுக்காக வெள்ளையடித்தபோது பாதி தப்பிவிட்டது என்கிறார்கள். எனக்கோ அது தினமும் என்னிடம் பேசுவது போல இருக்கிறது. சில நாள் தைரியம் சொல்கிறது, சில நாள் நக்கல் செய்கிறது. “வெள்ளையடிக்க விட்டுப்போன எழுத்துல போய் அர்த்தம் தேடுறியா?” என்று தோழி சிரிக்கிறாள். எழுதியவர் நினைக்காததை நான் படித்துக்கொண்டால் அது பொய்யா? படம் இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆட்டோ ஸ்டாண்டு சொல்வதுதான் சரி என்று படுகிறது. சிவப்பு எழுத்து, வலப்பக்கம் கறுப்பில் நிழல். கடன் கேட்கிறவர்களை விரட்ட எழுதும் கடைக்காரர் நிழலெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார். எழுத்துக்கு மேலே மங்கலாக ஒரு நீலக்கோடு தெரிகிறதே, அது சுவர் விளம்பர ஆர்டிஸ்ட் போட்டது. நீலப்பொடியில் தோய்த்த நூலை ஆளுக்கொரு முனையாகச் சுவரோடு இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிடுவார்கள், நேர்கோடு விழும். அந்த நூல் முனையைப் பிடிக்க ஆசைப்பட்டே சின்ன வயதில் பல நாள் பள்ளிக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன். இன்னொன்று, அந்த ‘ளை’ துதிக்கை வைத்த பழைய ளை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் அதை விட மனசில்லாதவர்கள் உண்டு. உங்கள் ஆர்டிஸ்டுக்கு எப்படியும் அறுபது தாண்டியிருக்கும்.

ஆக, தகவலைப் பொறுத்தவரை உங்கள் தோழிக்குத்தான் வெற்றி. உங்கள் கேள்வி வேறு.

சிட்னி நகரத்து நடைபாதைகளில் 1930களிலிருந்து ஒரே ஒரு ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: ‘இடர்னிட்டி’. நித்தியம். சாக்பீஸில், வளைத்து வளைத்து எழுதிய அழகான கூட்டெழுத்தில். விடியும் முன்பே யாரோ எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். யார் என்று இருபது வருஷத்துக்கு மேல் ஊருக்குத் தெரியாது. வேலையில்லாத பெருமந்தக் காலம் அது, அப்புறம் போர்க்காலம். வேலைக்கு வரிசையில் நிற்கப் போனவனும், மகனைக் கப்பலேற்றிவிட்டு வந்த தாயும் மிதித்துப் போனது அதே சொல்லைத்தான். இரண்டு பேரும் ஒன்றையே படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

1956இல் ஆள் யார் என்று பத்திரிகையில் வந்தது. பெயர் ஆர்தர் ஸ்டேஸ். தேவாலயத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். முதல் உலகப்போரில் இருந்தவர், ஒரு காலத்தில் பெருங்குடிகாரர், பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர். 1932 நவம்பரில் பர்ட்டன் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஒரு பிரசங்கியார் அந்தச் சொல்லைச் சிட்னித் தெருக்களில் எல்லாம் கூவ வேண்டும் என்று முழங்கியதைக் கேட்டு அழுதுகொண்டே வெளியே வந்தார். பையில் ஒரு சாக்பீஸ் இருந்தது. குனிந்து எழுதினார். தன் பெயரையே ஒழுங்காக எழுத வராத தனக்கு அது மட்டும் எப்படி அவ்வளவு அழகாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். சுமார் 35 வருஷத்தில் 5 லட்சம் தடவை எழுதியிருப்பார் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அவர் நினைத்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: செத்த பிறகு எங்கே இருக்கப் போகிறாய், இப்போதே யோசி. கறாரான எச்சரிக்கை. 1967இல் இறந்துபோனார். 2000ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில், வாணவேடிக்கையோடு சிட்னி துறைமுகப் பாலத்தில் அவர் கையெழுத்திலேயே அந்தச் சொல்லை விளக்காக எரியவிட்டார்கள். குடியை விட்ட மனிதரின் எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டே பாட்டிலைத் திறந்தவர்கள் எத்தனை பேரோ! அந்தக் கூட்டம் பொய்யைப் படித்தது என்று நான் சொல்லமாட்டேன். ‘ஸ்டேஸ் கொண்டாட்டத்துக்காகத்தான் எழுதினார்’ என்று ஒருவர் சொன்னால் அது பொய். நீங்களும் அப்படித்தான், ‘எனக்கு இப்படித் தோன்றியது’ என்று சொல்லும்வரை உங்களை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆர்டிஸ்ட் தலையில் அதைக் கட்டினால்தான் தகராறு.

அவரும் பாவம், தனியாக எழுதவில்லை. உங்கள் சுவரில் எழுதியது இரண்டு பேர். ஒருவர் ஆர்டிஸ்ட், இன்னொருவர் ‘ளை’யோடு மட்டையை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன வெள்ளையடிப்பவர். ‘நாளைய முதல்வர்’ என்று முழுசாக இருந்திருந்தால் நீங்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டீர்கள். நம் ஊர்ச் சுவர்களில் அதற்கா பஞ்சம்!

ஸ்டேஸ் விஷயத்தில் எனக்குப் பிடித்த ஒன்று பாக்கி. சிட்னி தலைமை அஞ்சலகக் கோபுரத்து மணியை 1942இல் போர்ப் பயத்தால் இறக்கி வைத்திருந்தார்கள். 1960களில் திரும்ப ஏற்றும்போது பார்த்தால், மணியின் உட்புறத்தில் சாக்பீஸில் அதே சொல். நடைபாதையில் எழுதியதெல்லாம் மழையிலும் செருப்பிலும் போய்விட்டது. உள்ளே இருந்தது பிழைத்துக்கொண்டது, படிக்க ஒரு ஆள் இல்லாமல். எனக்கென்னவோ அந்தப் பத்திரமான எழுத்தைவிட, செருப்பில் போனவை மேல் என்று தோன்றுகிறது.

அப்புறம் ஒன்று. சுவர் நக்கல் செய்கிற நாட்களில் மட்டும் டீக்கடை அண்ணன் சொன்ன பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் கொடுத்து ஒரு டீ குடித்துவிட்டு வகுப்புக்குப் போகலாம்.